பெயிண்ட், தூசி, ஈரம்

அந்த விமானத்தில் யாருமே இல்லாதபோதும் ஐம்பத்தெட்டு கிலோ எடையுள்ள ஓர் ஆள் இருந்தார். நான்கு விமான நிறுவனங்களும் இரண்டு அரசாங்கங்களும் இதைக் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஆள் என்றுதான் எழுதவில்லை. எடைச்சீட்டில் கடைசிக்கு முந்தின வரியில் 'பெயிண்ட், தூசி, ஈரம்' என்று ஒரு கட்டம் உண்டு. கணக்கில் இடிக்கிற எதையும் அதில் தள்ளிவிட்டுக் கையை உதறிக்கொள்வது அந்தத் தொழிலின் வழக்கம். அவ்வளவு பெரிய உடம்புக்குப் புதிதாக ஒரு பூச்சு அடித்தாலே இருநூறு கிலோ ஏறும், மழைக்காலத்தில் கம்பளங்கள் ஈரம் குடிக்கும், இருநூற்றெண்பது இருக்கைகளின் இடுக்கில் விழுந்த துணுக்கும் தலைமுடியும் சேர்ந்தால் ஒரு மூட்டை தேறும். ஆகவே நூற்று இருபத்திரண்டு டன்னில் ஓர் ஐம்பத்தெட்டு கிலோவைப் பார்த்து முதலில் யாருக்கும் மூக்கு வியர்க்கவில்லை.

விமானம் கை மாறும்போது நடக்கிற கூத்து வெளியில் அதிகம் பேருக்குத் தெரியாது. இரண்டு நடைபாதை கொண்ட அந்த அகலமான விமானங்கள் விற்கப்பட்டால் நேராகப் புது முதலாளியிடம் போவதில்லை. நடுவில் ஒரு ஹேங்கருக்கு வருகின்றன. ஊருக்கு வெளியே, தகரக்கூரை போட்ட, உள்ளே பேசினால் பேச்சு இரண்டு முறை கேட்கிற மாபெரும் கொட்டகை அது. அங்கே பழைய பெயரைச் சுரண்டிப் புதுப் பெயர் எழுதுவார்கள், கம்பளம் மாற்றுவார்கள், இருக்கைகளுக்கு உறை தைப்பார்கள், கடைசியில் எடை போடுவார்கள். விற்கிறவர் எதையோ மறைக்கிறார் என்று வாங்குகிறவருக்குச் சந்தேகம். வாங்குகிறவர் வேண்டுமென்றே குறை சொல்கிறார் என்று விற்கிறவருக்குச் சந்தேகம். இரண்டு பேருக்கும் ஹேங்கர் மேல் சந்தேகம். அதனால் எடை போடுகிற வேலையை மட்டும், யாருக்கும் வேண்டியவளாக இல்லாத, யாரோடும் சிரித்துப் பேசாத ஒரு பெண்ணிடம் கொடுத்திருந்தார்கள். எடைக்காரம்மா என்று அவளுக்குப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது.

எடை போடும் நாளில் எரிபொருளையும் தண்ணீரையும் வடித்துவிட்டு, பெரிய கதவுகளை இழுத்து மூடி, மின்விசிறிகளை நிறுத்தி, விமானத்தை மூன்று ஜாக்கிகள் மேல் தூக்குவார்கள்: மூக்குக்கு அடியில் ஒன்று, இறக்கைகளுக்கு அடியில் இரண்டு, ஒவ்வொன்றிலும் ஓர் எடைமானி. உள்ளே ஓர் ஈ கூட இருக்கக் கூடாது. அதற்காக ஏணியடியில் ஒரு பதிவேடு. உள்ளே போகிறவர் தன் பெயரை எழுத வேண்டும். இறங்கி வந்ததும் தன் கையாலேயே அதன் மேல் ஒரு கோடு போட வேண்டும். அடுத்தவர் பெயரை எவரும் அடிக்கக் கூடாது, அது மேனேஜராக இருந்தாலும் சரி. எல்லாப் பெயர்களும் அடிபட்ட பிறகு எடைக்காரம்மா கடைசியில் 'உள்ளே ஆள் இல்லை' என்று எழுதி முத்திரை குத்துவாள். அந்த முத்திரை விழாமல் உலகத்தில் எந்த அரசாங்கமும் அந்த விமானத்தை ஓர் அடி நகர்த்த முடியாது. இதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவள் கணவர் அதே ஹேங்கரில் தையல்காரர். இருக்கை உறைகளும் கம்பள ஓரங்களும் அவர் பொறுப்பு. ஒல்லி, வாய் திறக்க மாட்டார், தையல் முடியும் இடத்தில் இரண்டு முறை திருப்பித் தைத்து நூலைக் கத்தரியால் வெட்டாமல் பல்லால் கடித்துத் துண்டிப்பார். வருவதையும் சொல்ல மாட்டார், போவதையும் சொல்ல மாட்டார். அந்த வாரம் முழுக்க வீட்டில் பாதிச் சாப்பாட்டோடு எழுந்துகொண்டிருந்தார். கேன்டீன் நடத்துகிறவள் அவருக்குத் தனியாக எடுத்து வைக்கிறாள் என்று பெயிண்ட் அடிக்கிறவர்கள் சொன்னது எடைக்காரம்மாவின் காதுக்கு வந்திருந்தது. அன்று காலை வாசலில் செருப்பு மாட்டும்போது அவள் கேட்டே விட்டாள்.

"நீங்க எப்ப வர்றீங்க, எப்ப போறீங்கன்னு ஊருக்கே தெரியுது. எனக்கு மட்டும்தான் தெரியலை."

"தெரிஞ்சு என்ன பண்ணப் போற?" என்றார் அவர். ஆறு வருடக் குடித்தனத்தில் அதுவும் அவர் பேசிய நீளமான பேச்சுகளில் ஒன்று.

அன்று மதியம் முதல் நிறுவனம் இரண்டாவது நிறுவனத்துக்கு விமானத்தை ஒப்படைக்க வேண்டும். பதிவேட்டில் பதின்மூன்று பெயர்கள். பன்னிரண்டு அடிபட்டுவிட்டன. தையல்காரர் பெயர் மட்டும் கோடில்லாமல் கிடந்தது. வாங்க வந்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், மேனேஜர் அவள் முகத்தைப் பார்க்கிறார். பின்பக்க ஏணி வழியாக இறங்கிக் கோடு போடாமலே கேன்டீனுக்கு நழுவிவிடுவது தையல்காரருக்குப் பழக்கம்தான். இரண்டு முறை திட்டும் வாங்கியிருக்கிறார். உள்ளே ஏறி, கடைசி வரிசைவரை நடந்து, ஒரு குரல் கொடுத்துவிட்டு வர நான்கு நிமிடம் ஆகும். அவளுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. "போய்த் தொலையட்டும்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு, அவர் பெயர் மேல் அவளே ஒரு கோடு இழுத்தாள். ஆள் இல்லை என்று எழுதினாள், முத்திரை குத்தினாள். எடையில் ஐம்பத்தெட்டு கிலோ கூடியிருந்தது. அதைக் கட்டத்தில் தள்ளினாள். மறுநாள் காலை விமானம் பறந்துவிட்டது.

தையல்காரர் அன்றும் வீட்டுக்கு வரவில்லை, மறுநாளும் வரவில்லை. அதே வாரம் கேன்டீன்காரியும் அடுப்பை அணைத்துப் பாத்திரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊரை விட்டுப் போனாள். இந்த இரண்டுக்கும் முடிச்சுப் போட ஊருக்குச் சொல்லியா தர வேண்டும்? ஆள் கம்பி நீட்டிவிட்டார் என்று ஒரே பேச்சு. மாமியார் மட்டும் அதை நம்பவில்லை. மருமகள்தான் மகனை ஏதோ செய்துவிட்டாள் என்று கிணறு கிணறாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கிழவி ஒருத்திதான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் போனவள். போலீஸ்காரர் வந்து பதிவேட்டைப் புரட்டி, கோட்டைப் பார்த்து, "இறங்கிட்டார்ல? அப்புறம் என்ன?" என்று கேட்டுவிட்டுப் போனார். எடைக்காரம்மா எதுவும் சொல்லவில்லை. புருஷன் ஓடிப்போனான் என்பது அவமானம்தான். ஆனால் அதில் ஒரு வசதி இருந்தது: தப்பு முழுக்க அவருடையதாக இருந்தது. மூன்று வயது மகளிடமும் அதையே சொன்னாள்.

இரண்டாவது நிறுவனம் தாராளமான நிறுவனம். நீண்ட தூரம் பறப்பார்கள், மூன்று வேளை சாப்பாடு போடுவார்கள். ஒவ்வொரு பயணத்திலும் ஒரு தட்டு குறைந்தது. பணிப்பெண்கள் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டு, எண்ணி வைத்த தட்டுகளை இன்னொரு முறை எண்ணி, கடைசியில் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள். இரண்டு பேருக்கு வேலை போயிற்று. கடைசி வரிசைகளில் கிழிந்த உறைகள் தரையிறங்குவதற்குள் தைக்கப்பட்டிருந்தன. இதைப் பற்றி யாரும் புகார் எழுதவில்லை, நல்லது நடந்தால் யார் எழுதுகிறார்கள்? ஐந்து வருடம் கழித்து விமானம் விற்பனைக்கு வந்தபோது கட்டத்தில் அறுபத்து மூன்று கிலோ நின்றது. ஐந்து கிலோவுக்கு எந்தப் பெயிண்டும் அடிக்கவில்லையே என்று எடைக்காரம்மா உள்ளே ஏறினாள். கடைசி வரிசை ஜன்னலோர இருக்கையில் ஒரு தையலைப் பார்த்தாள். முடிகிற இடத்தில் இரண்டு முறை திருப்பியிருந்தது. நூல் நுனி நசுங்கி, பிசிறடித்து, பல் பட்டதாக இருந்தது.

அவள் உடனே டார்ச்சை எடுத்தாள். இருக்கைக்கு அடியிலும் கழிப்பறைகளிலும் சமையல் மேடை அலமாரிகளிலும் தேடினாள். கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தாள். "என்னங்க" என்று கூப்பிட்டாள். "விளையாட்டு போதும், இறங்குங்க" என்று அதட்டினாள். பதில் இல்லை. இருக்கவும் முடியாது. ஹேங்கரின் விதி அப்படி: ஏற்கெனவே வெளியே போய்விட்ட ஆள் எப்படி மறுபடி வெளியே வருவார்? காகிதத்தில் அவர் ஐந்து வருடத்துக்கு முன்பே இறங்கிவிட்டார். காகிதத்தில் இல்லாத ஆளை டார்ச் அடித்துத் தேடி என்ன பயன்? அவளுக்கு அது நொடியில் விளங்கிவிட்டது, அந்தத் தொழிலில் இருந்தவள்தானே. பழைய பதிவேட்டை எடுத்துத் திருத்தினால் போதும். ஆனால் திருத்தினால், கோடு போட்டது யார் என்று எழுத வேண்டும். மகளுக்கு எட்டு வயது. அப்பா இல்லாமல் இருப்பதற்குப் பழகியிருந்தாள். மேனேஜர் கீழே நின்று சத்தம் போட்டார். எடைக்காரம்மா இறங்கி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, 'உள்ளே ஆள் இல்லை' என்று இரண்டாவது முறையாக எழுதினாள்.

வாங்கியது ஓர் அரசாங்கம். அதன் தலைவர் பறப்பதற்காக இருக்கைகளைப் பிடுங்கிவிட்டுக் கட்டில், சோபா, கண்ணாடி பதித்த குளியலறை என்று இழைத்தார்கள். சந்தேகத்துக்கு எல்லை உண்டு என்று நினைப்பவர்கள் அரசாங்கத்தோடு வேலை செய்ததில்லை. முதல் மாதமே அவர்கள் எடைச்சீட்டை வரி வரியாகப் படித்து, அறுபத்து மூன்று கிலோ பெயிண்ட் இல்லை, ஒட்டுக் கேட்கிற கருவி என்று முடிவு கட்டினார்கள். சுவர்த் தகடுகளைக் கழற்றினார்கள், மாட்டினார்கள், மறுபடி கழற்றினார்கள். இதற்கிடையே தலைவரின் கோட்டில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு பொத்தான் நடுவானில் தானாகவே இறுகத் தைக்கப்பட்டது. தலைவர் அந்தப் பொத்தானை வெகுநேரம் பார்த்தார். பிறகு பாதுகாப்பு அதிகாரி ஒருவரை, எதையும் கண்டுபிடிக்காமல் இறங்கக் கூடாது என்ற உத்தரவோடு உள்ளே அனுப்பினார்கள். அவர் கண்டுபிடிக்கவில்லை, ஆகவே இறங்கவும் இல்லை. ஓர் அதிகாரி காணாமல் போனார் என்று எந்த அரசாங்கம் எழுதும்? 'வெளிநாட்டில் சிறப்புப் பணி' என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். தலைவர் அதற்குப் பிறகு ரயிலிலேயே போய்வந்தார்.

விமானம் ஒன்பதாவது வருடம் திரும்பி வந்தது. எடைக்காரம்மா கூட்டலை மூன்று முறை போட்டுப் பார்த்தாள். நூற்று முப்பத்தொன்பது. ஓர் ஆள் என்னதான் அரசாங்கச் சாப்பாடு சாப்பிட்டாலும் அவ்வளவு ஏறாது. அது இரண்டு ஆள். இரண்டாவது ஆள் யாரென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு போன அந்த லாரி கண்ணுக்கு முன்னால் நின்றது. எங்கேயோ ஒரு விமான நிலையத்தில் காத்திருந்து ஏறியிருப்பாள். அத்தனை நாளும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்த குற்ற உணர்ச்சி அந்த நிமிடமே ஆவியாகிப் போயிற்று. கடைசி வரிசைக்குப் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஜோடி போட்டுக்கிட்டு ஊர் சுத்துறீங்களா? அதுவும் கட்டில் மெத்தையோட! நான் ஒரு மடச்சி, இத்தனை வருஷம் அழுதுக்கிட்டு கிடந்தேன் பாருங்க!"

அதற்கப்புறம் அவள் ஆள் இல்லை என்று எழுதியதெல்லாம் பழி தீர்க்கிற கையெழுத்து. மூன்றாவது நிறுவனம் மலிவுக் கட்டண நிறுவனம். தண்ணீர் கூடக் காசு கொடுத்தால்தான். நான்கு வருடத்தில் நூற்றுப் பதினொன்றாக இறங்கியது. "நல்லா கிடக்கட்டும் பட்டினி" என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போனவள், அன்று தட்டில் போட்ட சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டுப் படுத்தாள். நான்காவது நிறுவனத்திடம் போய் வந்தபோது நூற்று இருபது. அப்புறம் இரண்டாவது அரசாங்கம் சிப்பாய்களை ஏற்றிச் செல்ல வாங்கியது. முதல் அரசாங்கம் தங்களை வேவு பார்க்கவே இந்த எடையை வைத்து விற்றிருக்கிறது என்று அவர்களுக்குச் சந்தேகம். இரண்டு நாடுகளும் இதனாலேயே ஒரு வருடம் தூதர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டன. ஒவ்வொரு எடைச்சீட்டிலும் ஒரு நகலை அவள் சமையலறை டப்பாவில் போட்டு வைத்தாள். வெளியூரில் இருக்கும் கணவர்கள் கடிதம் போடுவார்கள். அவளுக்கு வந்தது இதுதான். மனம் தளரும்போது எடுத்துப் பார்ப்பாள், உடனே கோபம் வந்துவிடும், மூடி வைப்பாள்.

இருபத்தொன்றாவது வருடம் சிப்பாய் அரசாங்கமும் விமானத்தை விற்க அனுப்பியது. எடைக்காரம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மகளுக்கு இருபத்து நான்கு. அதே ஹேங்கரின் ஆவண அறையில் வேலை. எந்த விமானத்தை எந்தெந்த நிறுவனம், எந்தெந்த அரசாங்கம் ஓட்டியது என்று வரிசையாக எழுதி வைப்பது அவள் பொறுப்பு. அந்த வாரம் ஆவண அறைக்கு ஒரு பெண்மணி வந்தாள். வெயிலில் நடந்து வந்த முகம், கையில் ஒரு பை, பைக்குள் ஒரே ஒரு கடிதம். அந்த விமானத்தை ஓட்டியவர்கள் பட்டியல் வேண்டும் என்றாள். எதற்கு என்று மகள் கேட்டாள். காரணத்தைக் கேட்டதும் நேராக அம்மாவிடம் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"என் வீட்டுக்காரர் பாதுகாப்பு அதிகாரிங்க" என்றாள் அந்தப் பெண்மணி. "இதுக்குள்ளதான் ஏறினார். ஏறினதை டிரைவர் பார்த்திருக்கார். வெளிநாட்டுல சிறப்புப் பணின்னு ஒரு லெட்டர் மட்டும் வந்துச்சு. எந்த நாடுன்னு கேட்டா ரகசியம்ங்கிறாங்க. பதினாலு வருஷமாவா ரகசியம்? யாருக்குக் காது குத்துறாங்க?"

எடைக்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். யாரையும் எடுத்த எடுப்பில் நம்புகிற வழக்கம் அவளுக்கு இல்லை. "என்ன எடை இருப்பார்?" என்று கேட்டாள்.

அந்தப் பெண்மணிக்கு இது விசித்திரமான கேள்வியாகப் படவில்லை. "அறுபத்தாறு. ஆபீஸ்ல மாசா மாசம் பார்ப்பாங்க, கூடினா திட்டுவாங்க."

எடைக்காரம்மா வீட்டுக்குப் போய் அந்த டப்பாவை எடுத்து வந்தாள். நூற்று முப்பத்தொன்பதில் அறுபத்தாறு போனால் எழுபத்து மூன்று. கட்டில் மெத்தையோடு தலைவர் சாப்பாடு சாப்பிட்டால் ஒல்லியான மனிதர் எழுபத்து மூன்றுக்கு வரலாம். ஆனாலும் கேன்டீன்காரியும் அறுபத்தாறு இருக்கக் கூடாதா? அப்போதுதான், தொழிலில் சேர்ந்த முதல் வாரமே கற்றுக்கொடுக்கப்பட்ட ஒரு சங்கதி அவள் மண்டையில் உறைத்தது. எடை மூன்று ஜாக்கிகளில் தனித்தனியாக விழுகிறது. எந்த ஜாக்கியில் எவ்வளவு கூடியது என்று பார்த்தால், அந்த எடை விமானத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பன்னிரண்டு வருடமாக அவள் கோபத்தில் அடியில் இருந்த கூட்டுத் தொகையை மட்டுமே பார்த்திருக்கிறாள். மேலே இருந்த மூன்று எண்களைப் பார்க்கவே இல்லை. ஊரில் எவர் கணக்கு தப்பினாலும் சரி, எடைக்காரம்மா இப்படித் தப்பலாமா?

பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டாள். ஓர் ஆள் கடைசி வரிசையில். இன்னோர் ஆள் முன்பக்க வாசலை ஒட்டி, காவல் நிற்கிறவர் நிற்க வேண்டிய இடத்தில். ஒன்பதாவது வருடச் சீட்டிலும் அப்படியே, பதின்மூன்றிலும், பதினேழிலும் அப்படியே. இரண்டு பேருக்கும் நடுவில் ஐம்பது மீட்டர். சண்டை போட்டுக்கொண்டு தள்ளி உட்கார்ந்திருக்கலாமே என்று ஒரு கணம் தோன்றியது, அவள் புத்தி அப்படி. ஆனால் எந்தச் சண்டை பன்னிரண்டு வருடம் இம்மி பிசகாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும்? அந்தப் பாவி மனிதர் எங்கேயும் ஓடவில்லை, யாரோடும் போகவில்லை. அவள் கோடு போட்டு அடைத்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

மகளிடம் அப்போதுதான் சொன்னாள். நாற்காலியில் உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னாள்.

"உங்கப்பா ஓடிப்போகலை. நான்தான் அவர் பேரை அடிச்சேன்."

"நீயா? உன் கையாலயா?"

"ஆமா. கோபத்துல. நாலு நிமிஷம், ஏறிப் பார்த்திருந்தா முடிஞ்சிருக்கும். அஞ்சாவது வருஷம் கடைசி வரிசையில அவர் தையலைப் பார்த்தேன், அப்பவும் திருத்தலை."

"அப்போ அஞ்சாவது வருஷமே தெரியுமா உனக்கு? தையலைப் பார்த்தப்பவே?" என்றாள் மகள். "ஸ்கூல்ல என்னை என்னன்னு கூப்பிட்டாங்க தெரியுமாம்மா? ஓடிப்போனவன் பொண்ணு. நீ பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்த."

எடைக்காரம்மா அழுதாள். மகள் சமாதானம் சொல்லவில்லை. அந்தப் பெண்மணிக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு ஆவண அறைக்குள் போய், இருபத்தொரு வருடத்துக்கு முந்தைய பதிவேட்டைத் தேடி எடுத்து வந்து, தூசி தட்டி, அம்மாவின் முன்னால் வைத்தாள். கூடவே ஒரு பேனாவையும் வைத்தாள்.

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் புது மேனேஜர். பழையவர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். "இதைத் திருத்தினா நாலு கம்பெனியும் ரெண்டு கவர்மென்ட்டும் நம்ம மேல பாயும். இத்தனை வருஷச் சீட்டும் பொய்னு ஆயிடும். உங்க முத்திரையை நான் வாங்கித்தான் ஆகணும், வேற வழி இல்லை" என்றார். இருபத்தொரு வருடமாக அவள் பயந்தது இதற்குத்தான். முத்திரையைப் புடவைத் தலைப்பால் ஒரு முறை துடைத்து மேசை மேல் வைத்தாள். பிறகு விதிப்படி செய்தாள். பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது; தவறான பதிவை ஒரே கோட்டால் அடித்து, சரியானதைப் பக்கத்தில் எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். அவள் தான் போட்ட கோட்டைக் குறுக்கே ஒரு சிறு கோட்டால் அடித்தாள். 'இந்தக் கோடு போட்டது நான். இவர் இறங்கவில்லை. உள்ளே இருக்கிறார்' என்று எழுதினாள். எழுத்து தெளிவாகத்தான் இருந்தது.

விமானம் அப்போது ஜாக்கிகள் மேல் இருந்தது. காலை பதினொன்று நாற்பதுக்குப் பின்பக்கக் கதவு உள்ளிருந்து திறந்தது. தையல்காரர் ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. தோளில் இரண்டாவது நிறுவனத்தின் போர்வை, காலில் முதல் அரசாங்கத்தின் வெல்வெட் செருப்பு, சட்டைப்பையில் நான்காவது நிறுவனத்தின் கரண்டி, கையில் தன் சொந்த ஊசிப்பெட்டி. மூன்று ஜாக்கிகளின் எண்களும் சேர்ந்து அறுபத்திரண்டு கிலோ இறங்கின. அவர் யாரையும் பார்க்காமல் நேராகப் பதிவேட்டுக்குப் போய், பேனாவை வாங்கி, தன் பெயர் மேல் தன் கையாலேயே ஒரு கோடு போட்டு, நேரம் எழுதினார். அப்புறம்தான் மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

"எட்டிப் பார்க்க உனக்கு இவ்வளவு நாளா?" என்றார்.

மகள் ஆவணக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு தூரத்திலேயே நின்றாள். "அப்பாவா?" என்று அம்மாவிடம்தான் கேட்டாள்.

"அறுபத்திரண்டு கிலோ" என்றாள் எடைக்காரம்மா. "அவர்தான்."

பெயிண்ட் அடிக்கிறவர்கள் சுற்றி வந்து எப்படி இருந்தது என்று விசாரித்தார்கள். சாப்பாடு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அந்த மலிவுக் கம்பெனிக்காரர்களைச் சும்மா விடக் கூடாது, மற்றபடி இன்ஜின் சத்தத்தில் தூக்கம்தான் சரியில்லை என்றார். முன்பக்கம் ஒருத்தர் நிற்பது தெரியுமா என்று அந்தப் பெண்மணி கேட்டாள். தெரியும், நல்ல மனிதர், ஆனால் யார் பக்கத்தில் போனாலும் அடையாள அட்டை கேட்கிறார் என்றார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அது அவர்தான், வீட்டிலும் அப்படித்தான் என்றாள். ஆனால் அவர் பெயரை அடித்த காகிதம் இந்த ஹேங்கரில் இல்லை. அது அவருடைய அரசாங்கத்தின் அலமாரியில் இருக்கிறது. அப்படி ஒரு காகிதமே கிடையாது என்று அந்த அரசாங்கம் மாதா மாதம் அவளுக்குப் பதில் போடுகிறது. விமானத்தை மூன்றாவதாக ஓர் அரசாங்கம் வாங்கிக்கொண்டது. புதிதாக வந்த எடைக்காரர் கட்டத்தில் பெயிண்ட், தூசி, ஈரம், அறுபத்தாறு என்று எழுதினார். அவர்களும் சந்தேகத்தோடுதான் கையெழுத்துப் போட்டார்கள். ஒவ்வொரு முறை எடை போடும்போதும் தையல்காரர் மகள் ஒரு நகல் எடுத்து அந்தப் பெண்மணிக்குத் தபாலில் அனுப்பி வைக்கிறாள். ஆள் குறையாமல் இருக்கிறார் என்று தெரிந்தால் கொஞ்சம் நிம்மதி.

வீட்டுக்கு வந்த அன்று தையல்காரர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து இடுப்பில் சீட் பெல்ட்டைத் தேடினார். மகள் முதல் நான்கு நாள் அவரோடும் பேசவில்லை, அம்மாவோடும் பேசவில்லை. ஐந்தாம் நாள் கிழிந்துபோன தன் அலுவலகப் பையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். அவர் தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்தபோது சிரித்துவிட்டாள், அப்புறம் அழுதாள். எடைக்காரம்மா இதையெல்லாம் சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தவள், பழக்க தோஷத்தில் வேறு ஒன்றைக் கேட்டுவிட்டாள்.

"சரி, அந்தக் கேன்டீன்காரி என்ன ஆனா?"

"எந்தக் கேன்டீன்காரி?" என்றார் அவர்.

அந்தப் பதிலை அவள் இன்றுவரை நம்பவில்லை. மாதம் முதல் தேதியன்று அவரை எடை பார்க்கிறாள். தெருக்கதவுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து, கயிற்றில் ஒரு நோட்டும் பென்சிலும் தொங்கவிட்டிருக்கிறாள். சாயங்காலம் அவர் நடக்கக் கிளம்பினால் அதில் தன் பெயரை எழுதி, "போயிட்டு வர்றேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் செருப்பு மாட்டுகிறார். வீட்டுக்குள் திரும்பி வந்ததும் அவரே கோடு போட வேண்டும் என்பது ஏற்பாடு. சில நாள் மறந்துவிட்டு அப்படியே உள்ளே போய்ப் படுத்துவிடுவார். எடைக்காரம்மா பென்சிலைத் தொட மாட்டாள். எத்தனை வேலை கிடந்தாலும் எழுந்து, அறை அறையாகப் போய், கட்டிலில் படுத்திருப்பவரின் தோளைத் தொட்டுப் பார்த்து, எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்து கோடு போடச் சொல்கிறாள். அதற்கு நான்கு நிமிடம் கூட ஆவதில்லை.